சோமியாவும் கச்சின் மலைகளும்: ஒரு விமர்சன நோக்கு

வரலாற்றை எழுதி வைத்தவை பெரும்பாலும் சமவெளி அரசுகளே. ஆதலின் அவற்றின் எல்லைப்புறங்களில் வாழ்ந்த மலைவாழ் மக்கள் அவ்வரலாறுகளில் இருவகையாகவே இடம்பெற்றனர்; ஒன்றில் நாகரிகம் இன்னும் எட்டாத ஆதிக்குடிகளாக, அன்றேல் மலையிறங்கி வந்து கொள்ளையிடும் கொடியோராக. இவ்விரு சித்திரங்களையும் வன்மையாக மறுத்த நூல் என்ற வகையில், அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்கொட் 2009 இல் வெளியிட்ட, 'ஆளப்படாதிருக்கும் கலை' எனப் பொருள்படும் தலைப்பையுடைய ஆய்வு சமூகவியலாளரிடையே பெருங் கவனத்தைப் பெற்றது. அதன் வாதம் கவர்ச்சிமிக்கது. அக்கவர்ச்சியே அதனை மீளாய்வு செய்ய வேண்டிய தேவையையும் உண்டாக்குகின்றது.

வியட்நாமின் மத்திய மலைநாட்டிலிருந்து தென்மேற்குச் சீனாவினூடாக வடகிழக்கு இந்தியா வரை பரந்து கிடக்கும் உயர்நிலத்துக்கு வில்லெம் வான் ஷெண்டெல் 2002 இல் 'சோமியா' என்று பெயரிட்டார். இப்பெயரையே ஸ்கொட் கையாண்டார். கடல்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்கு மேற்பட்டதும், ஏறத்தாழ 25 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புடையதும், 10 கோடி மக்கள் வாழ்வதுமான இப்பிரதேசம் அவர் கருத்தின்படி அரசிலிருந்து தப்பியோடியோரின் புகலிடமாகும். நெல்வயல் பெருகிய பள்ளத்தாக்குகளில் அரசுகள் எழுந்தன. அவை வரியும் ஊழியமும் படைச்சேவையும் கோரின. அவற்றைத் தாங்காதோர் மலையேறினர். மலைமக்களின் சேனைப் பயிர்ச்செய்கை, நிலத்துக்கடியில் மறைந்து விளையும் மரவள்ளி, வற்றாளை போன்ற கிழங்குகள், இறுக்கமற்ற குல அமைப்பு, எழுத்தறியா வாய்மொழி மரபு ஆகிய யாவும் அரசின் பிடியில் அகப்படாதிருப்பதற்கு அவர்கள் தெரிந்தெடுத்த உபாயங்கள் என்பது அவரது முடிபு.

பின்தங்கிய நிலை என்று இகழப்பட்டதை அரசியல் தெரிவாக விளக்கியமை இந்நூலின் மறுக்கவொண்ணாத சாதனையாகும். மலைமக்களை வரலாற்றுக்கு வெளியே நிறுத்திய நோக்கு இதன்பின் எளிதில் நிலைபெற முடியாது. ஆயினும், ஓடுதல் என்னும் ஒரே செயலைக் கொண்டு ஒரு முழுச் சமுதாயத்தின் வரலாற்றையும் விளக்கிவிட இயலுமா என்ற வினா எஞ்சி நிற்கின்றது. பர்மாவின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டி வாழும் கச்சின் மக்களின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்க உரைகல்லாக அமைகின்றது.

கச்சின் சமுதாயம் பற்றிய ஆய்வுகளில் தலைமையிடம் பெறுவது எட்மண்ட் லீச் 1954 இல் வெளியிட்ட நூலாகும். வட மத்திய மாகாணத்துப் புல் எலியக் கிராமத்தின் நிலவுடைமையையும் உறவுமுறையையும் பற்றி 1961 இல் அவர் வெளியிட்ட நூலின்வழி, இலங்கை வாசகர்க்கும் அவர் நன்கறியப்பட்டவர். கச்சின் அரசியலில் இரு முனைகள் உள்ளன என்று லீச் காட்டினார். தலைவனும் உயர்குடியும் பொதுமக்களும் எனப் படிநிலை கொண்டது 'கும்சா' முறை. தலைவரை ஏற்காது சமத்துவம் பேணுவது 'கும்லாவ்' முறை. கும்சாத் தலைவன் பள்ளத்தாக்கின் ஷான் இளவரசனைப் போல் ஆக முயல்கிறான். அம்முயற்சி எல்லை மீறும்போது உறவினர் கிளர்ந்தெழுந்து கும்லாவ் முறையைத் தாபிக்கின்றனர். காலப்போக்கில் அதுவும் படிநிலையை நோக்கிச் சரிகின்றது. இவ்வூசலாட்டத்தை ஸ்கொட்டும் ஏற்றுப் பயன்படுத்துகின்றார். ஆனால் லீச்சின் சித்திரத்தில் மலையில் வாழ்வோன் அரசை வெறுப்பவன் மட்டுமல்லன்; அதனை விரும்புபவனுமாவான். இவ்விருமனப்பாட்டில் ஒரு பாதியையே ஸ்கொட் பெரிதும் வலியுறுத்தினார்.

லீச்சின் ஆய்வும் குறையற்றதன்று. ஊசலாட்டத்தைச் சமுதாயத்தின் உள்ளமைப்பிலிருந்தே அவர் பெரிதும் விளக்கினார். டேவிட் நியூஜென்ற் 1982 இல் இதனை மறுத்து, கும்லாவ் கிளர்ச்சிகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிக, அரசியல் மாற்றங்களோடு இணைத்து நோக்க வேண்டுமென வாதிட்டார். இது பொருத்தமான திருத்தமாகும். கச்சின் மலைகள் மூடுண்ட உலகமாக இருந்ததில்லை. பகான்ற் பகுதியின் பச்சை மணிக்கல் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே யுன்னானுக்குப் பெருமளவிற் சென்றது. மலைப்பாதைகளைக் காத்த தலைவர்கள் பொதிவிலங்கு வணிகரிடம் சுங்கம் பெற்றனர். தப்பியோடியவன் ஒளிந்துகொள்ளும் இடம் என்பதைவிட, இரு பேரரசுகளுக்கிடையே செல்லும் வழியின் காவலிடம் என்பதே இம்மலைகளுக்குப் பொருந்தும். சுங்கம் பெறுவோனுக்கு அரசும் சந்தையும் அருகில் இருத்தல் வேண்டும். அவற்றை விட்டு நெடுந்தூரம் ஓடுவது அவனுக்கு நட்டமாகும்.

மலையின் சுதந்திரம் எவருடைய சுதந்திரம் என்பதும் கேட்கற்பாலது. கும்சாச் சமுதாயத்தில் 'மயம்' எனப்பட்ட அடிமைகள் இருந்தனர். ஹூகோங் பள்ளத்தாக்கிலும் அதற்குக் கிழக்கேயுள்ள முக்கோணப் பகுதியிலும் அடிமை முறையை ஒழிக்கப் பிரித்தானிய ஆட்சி 1925 முதல் 1927 வரை படையணிகளை அனுப்பிற்று. தனது ஆதிக்கத்தை விரிக்கும் நோக்கும் அவ்வாட்சிக்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அடிமைகள் இருந்தமை உண்மை. மலைமக்கள் அடிமைகளைப் பிடித்ததை ஸ்கொட் மறைக்கவில்லை. ஆனால் அச்செய்தி அவரது முடிபின் வடிவத்தை மாற்றவில்லை. மலையின் உள்ளே நிலவிய ஏற்றத்தாழ்வு பின்தள்ளப்பட, மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான முரண்பாடே முழு வரலாறாகிவிடுகின்றது.

வாதத்தின் பலவீனம் மிகத் தெளிவாகப் புலப்படுவது எழுத்துப் பற்றிய பகுதியிலாகும். கடவுள் எல்லா இனத்தார்க்கும் எழுத்தை வழங்கினார் என்றும், தோலில் எழுதப்பட்ட தன் பங்கைக் கச்சின் மூதாதை பசி தாங்காது தின்றுவிட்டான் என்றும் ஒரு கதை உண்டு. இதையொத்த கதைகள் அயல் மலையினங்கள் பலவற்றிலும் வழங்குகின்றன. எழுத்து என்பது வரிப்பதிவேட்டின் கருவி. அதனைக் கைவிடுதல் விடுதலைக்கு உகந்தது என்ற நோக்கில் ஸ்கொட் இக்கதைகளை அணுகுகின்றார். ஆனால் கதையின் தொனி வெற்றியின் தொனியன்று. பசியினால் நேர்ந்த இழப்பையே அது கூறுகின்றது. பிறர்க்குக் கிடைத்தது தமக்கு இல்லாது போயிற்றே என்ற ஏக்கம் அதில் ஒலிக்கின்றது. அமெரிக்க மிஷனரியான ஒலா ஹன்சன் ஜிங்போ மொழிக்கு உரோம வரிவடிவம் அமைத்து, 1906 இல் அகராதியும் வெளியிட்டார். அவ்வெழுத்தை மக்கள் தமதாக்கிக் கொண்டனர். பல மொழி பேசும் குழுக்கள் கச்சின் என்னும் ஒரு பெயரின்கீழ் திரள்வதற்கு அது பெருந்துணை புரிந்தது. அத்திரட்சியில் ஜிங்போ மொழி மேலோங்கி ஏனையவை ஒதுங்க நேர்ந்தமையும் மறக்கத்தக்கதன்று. எழுத்தை வேண்டாதிருந்த மக்களிடத்து இவ்வரலாறு நிகழ்ந்திருக்க நியாயமில்லை.

அரசியல் வரலாறு இதனை மேலும் உறுதிசெய்கின்றது. 1886 இல் மேற்பர்மாவை இணைத்துக்கொண்ட பிரித்தானியர், 1895 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் மூலம் கச்சின் மலைகளைத் தலைவர்களின் வழியே ஆண்டனர். சமவெளி நிருவாகத்திலிருந்து அவற்றை வேறாக வைத்தனர். 1947 பெப்ரவரி 12 இல் பங்லொங்கில் ஷான், சின் பிரதிநிதிகளோடு கச்சின் தலைவர்களும் ஆங் சானுடன் உடன்படிக்கை செய்தனர். தனிக் கச்சின் மாநிலம் விரும்பத்தக்கதென அதில் ஏற்கப்பட்டது. அரசைவிட்டு ஓடுவோர் இவ்வாறு உடன்படிக்கை எழுதுவதில்லை. பின்னர் ஷான், கரென்னி மாநிலங்களுக்கு அரசியலமைப்பு வழங்கிய பிரிந்துசெல்லும் உரிமை கச்சின் மாநிலத்துக்குக் கிடைக்கவில்லை. 1960 இல் சீனாவுடனான எல்லை உடன்படிக்கை கச்சின் கிராமங்கள் சிலவற்றைச் சீனாவுக்கு அளித்தது. 1961 இல் பௌத்தம் அரச மதமாக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே கச்சின் சுதந்திர அமைப்பு ஆயுதம் ஏந்தியது. கிளர்ச்சியின் வேர் மீறப்பட்ட வாக்குறுதியில் இருந்தது.

1950 ஆம் ஆண்டுகளுக்குப் பிற்பட்ட காலத்துக்குத் தமது விளக்கம் பொருந்தாதென ஸ்கொட்டே கூறுவது உண்மை. வீதியும் விமானமும் தொலைத்தொடர்பும் மலையின் தூரத்தை அழித்துவிட்டன என்பது அவர் தரும் காரணம். ஆயின் பங்லொங்கில் கையெழுத்திட்ட தலைமுறையின் வேட்கை ஓரிரவில் முளைத்ததன்று. அதன் முன்வரலாறு கும்சாத் தலைவனின் கனவிலும், தின்னப்பட்ட தோல்நூலின் கதையிலும் உண்டு. கால எல்லையைக் காட்டி அதனை ஒதுக்கிவிட முடியாது.

1994 இல் ஏற்பட்ட போர்நிறுத்தம் 2011 இல் முறிந்தது. அதற்கிடைப்பட்ட காலத்திலும் பின்னரும் பகான்ற்றின் செல்வம் பெரும்பாலும் படையினர்க்கும் அவர்தம் கூட்டாளிகளுக்கும் சென்றது. 2020 யூலையில் அங்கு நிகழ்ந்த மண்சரிவில் 160 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2021 இராணுவச் சதிக்குப் பின்னர் விரிவடைந்த போரில், 2024 ஒக்ரோபரில் கச்சின் படையினர் சீன எல்லையிலுள்ள பங்வாவைக் கைப்பற்றி, அருமண் கனிமம் அகழப்படும் நிலத்தைத் தம் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தனர். பாடசாலையும் நீதிமன்றமும் நடத்தி, வரியும் அறவிடும் ஓர் அமைப்பு அங்கு செயற்படுகின்றது. அது அரசைப் பெரிதும் ஒத்தது. அதன் நிறை குறைகளை எல்லா அரசுக்கும் பொருந்தும் அளவுகோலாலேயே அளத்தல் வேண்டும்: கனிமத்தின் பயன் எவரைச் சேர்கிறது, சிறு மொழியினர்க்கு அங்கு என்ன இடம், நஞ்சாகும் ஆற்றுக்கு யார் பொறுப்பு என்பனவே அவ்வினாக்கள்.

காட்டுமிராண்டி என்ற இழிபெயரிலிருந்து மலைமக்களை மீட்ட ஸ்கொட், ஆளப்பட விரும்பாத சுதந்திரர் என்ற புகழ்ப்பெயருள் அவர்களை அடைத்துவிட்டார். இகழ்ச்சியைவிடப் புகழ்ச்சி மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அரசைக் கோருவோர், அதில் தவறிழைப்போர், வாக்குறுதி மீறப்பட்டபோது கணக்குக் கேட்போர் ஆகியோர்க்கு அப்பெயருள் இடமில்லை. மலைமக்கள் எதிலிருந்து ஓடினர் என்பதை இந்நூல் நன்கு விளக்கிவிட்டது. அவர்கள் எதைக் கேட்டனர், எது மறுக்கப்பட்டது என்பதை எழுதுவதே இனிவரும் ஆய்வின் கடமையாகும்.