கும்பினியும் கணினி விளையாட்டும்

வணிகம் பெருகுவது வேறு. வணிகர் பெருகுவது வேறு. முன்னது ஒரு நாட்டின் செல்வ வளத்தைக் காட்டும். பின்னது அந்நாட்டு மக்கள் தம் விருப்பப்படி தொழில் செய்யும் உரிமையைக் காட்டும். முன்னது வளர வளரப் பின்னது தேய்வதும் உண்டு. இளைஞர் உலகை ஈர்த்து வைத்திருக்கும் கணினி விளையாட்டுத் துறையில் இத்தேய்வு இன்று கண்கூடாக நிகழ்ந்து வருகிறது. இதனால் தமிழுக்கு என்ன நேரும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கும்பினி கண்ட தெரு

பினாங்கு ஜார்ஜ்டவுன் நகரிலுள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்குவது பொருத்தமாகும். நாணய மாற்றுக் கடைகளும் நகைக் கடைகளும் உணவுக் கடைகளும் அணிவகுத்த தெரு அது. சீனர்தம் குவான் யின் கோயிலும், தமிழ் முஸ்லிம் வணிகர் தலைவர் காதர் முகைதீன் 1801இல் நிறுவிய பள்ளிவாசலும் அத்தெருவில் உள்ளன. புனித ஜார்ஜ் தேவாலயமும் மகாமாரியம்மன் கோயிலும் அதனை அடுத்து நிற்கின்றன. பல சமயத்தார், பல மொழியார், சிறு முதல் கொண்ட பல வணிகர் அருகருகே வாழ்ந்ததன் சான்றாக அத்தெரு விளங்குகிறது.

அதன் பழைய பெயர் பிட் தெரு என்பது. இங்கிலாந்தின் தலைமையமைச்சராக இருந்த இளைய வில்லியம் பிட்டின் பெயரால் அது அமைந்தது. 1786இல் பினாங்கில் கால் ஊன்றியது கிழக்கிந்தியக் கும்பினி. 1600இல் அரச பட்டயம் பெற்று எழுந்த அக்கும்பினி, போட்டியாகத் தோன்றிய மற்றோர் ஆங்கிலக் கும்பினியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன்னோடு இணைத்துக்கொண்டது. போட்டி ஒழிந்தபின் அதன் கை ஓங்கியது. சோழமண்டலக் கரையின் நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டு, எவ்வகைத் துணியை நெய்வது, எவ்விலைக்குக் கொடுப்பது என்பவற்றைத் தானே முடிவு செய்தது. தறி நெசவாளன் வீட்டில் இருந்தது. தறியில் என்ன ஏறவேண்டும் என்னும் முடிவோ கும்பினியின் கிடங்கில் இருந்தது.

அக்கும்பினிக்குக் கடிவாளம் இட 1784இல் சட்டம் கொணர்ந்தவர் அதே பிட். அச்சட்டம் கும்பினியின் நடவடிக்கைகளை மேற்பார்க்க ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை ஏற்படுத்தியது. பின்னர் 1813இல் இந்திய வணிகத்திலும், 1833இல் சீன வணிகத்திலும் கும்பினிக்கிருந்த தனியுரிமைகள் பறிக்கப்பட்டன. கட்டுக்கடங்காது வளர்ந்த வணிக நிறுவனத்தை அரசு அடக்க முயன்ற வரலாற்றின் நினைவு அத்தெருவின் பழைய பெயரில் பொதிந்து கிடக்கிறது.

புதிய கும்பினிகள்

இன்று கும்பினிகள் கப்பலில் வருவதில்லை. கைப்பேசியிலும் தொலைக்காட்சித் திரையிலும் வருகின்றன. 2022 ஜனவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனம், ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்னும் விளையாட்டு நிறுவனத்தை 68.7 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முன்னரே, 2021இல், செனிமேக்ஸ் நிறுவனத்தை அதன் பல படைப்பகங்களோடு 7.5 பில்லியனுக்கு வாங்கியிருந்தது. அமெரிக்க வணிக ஆணையம் ஆக்டிவிஷன் இணைப்பை எதிர்த்து வழக்காடியது. இணைப்பைத் தடுத்து நிறுத்த நீதிமன்றம் இணங்கவில்லை. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் தடை விதித்தது. சில உரிமைகள் யூபிசாஃப்ட் என்னும் வேறொரு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டபின் அத்தடையும் நீங்கியது. 2023 அக்டோபரில் இணைப்பு நிறைவேறியது.

அடுத்து நிகழ்ந்தவை நோக்கத்தக்கன. 2024 ஜனவரியில் மைக்ரோசாப்டின் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேர் வேலை இழந்தனர். அவ்வாண்டு மே மாதம், செனிமேக்ஸ் வழியே வந்து சேர்ந்த படைப்பகங்கள் சில மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அவற்றுள் ஒன்று தோக்கியோவிலிருந்த டாங்கோ கேம்வொர்க்ஸ். ஓராண்டுக்கு முன்னர்தான் அப்படைப்பகத்தின் 'ஹைஃபை ரஷ்' என்னும் விளையாட்டு உலகோரின் பாராட்டைப் பெற்றிருந்தது. நன்றாக விளைந்த வயலையே தரிசாக விட உரிமையாளன் துணிந்தான் எனில், அங்கு விளைச்சலின் தரத்திற்கு மதிப்பு ஏது? பின்னர் அப்படைப்பகத்தைக் கொரிய நிறுவனம் ஒன்று வாங்கிக் காத்தது என்பது ஓர் ஆறுதல். ஆயினும் மூடுவதும் காப்பதும் அதில் உழைத்தோர் கையில் இல்லை என்ற உண்மையை அந்த ஆறுதல் மாற்றிவிடாது.

தமிழர் வாழும் நிலப்பரப்புகளுக்கும் இவ்வலை எட்டியுள்ளது. இந்திய விளையாட்டுத் துறையின் முன்னோடியெனப் போற்றப்படும் துருவா இன்டராக்டிவ் 1997இல் பெங்களூரில் தோன்றியது. அதனைச் சுவீடன் நாட்டு ஸ்டார்பிரீஸ் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனம் நெருக்கடியில் வீழ்ந்தபோது, 2019இல், அதனிடமிருந்த பங்குகள் அமெரிக்காவின் ராக்ஸ்டார் நிறுவனத்திற்கு 7.9 மில்லியன் டாலருக்குக் கைமாறின. மலேசியாவிலோ, கோலாலம்பூரில் கிளை வைத்திருந்த பிரிட்டிஷ் நிறுவனமான கோட்மாஸ்டர்ஸ் 2021இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. வாங்கிய அந்நிறுவனத்தையே சவூதி அரேபியாவின் முதலீட்டு நிதியை உள்ளிட்ட ஒரு குழு 55 பில்லியன் டாலருக்கு வாங்க உடன்பாடு கண்டதாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. உழைப்பவன் ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்க, முதலாளிகள் மட்டும் கடல் கடந்து மாறிக்கொண்டே இருக்கின்றனர்.

பெருநிறுவனங்களால் நன்மையே இல்லை என்று கூறுவதும் நடுநிலையாகாது. பல நூறு பேர் பல்லாண்டு உழைத்து உருவாக்கும் பெரும் படைப்புகளுக்குப் பெருமுதல் வேண்டும். அம்முதலைத் தாங்கும் தோள் சிறு நிறுவனங்களுக்கு இல்லை. உலகெங்கும் ஒரே நாளில் ஒரு படைப்பைக் கொண்டு சேர்க்கும் வலிமையும் பெருநிறுவனங்களுக்கே உண்டு. அவ்வலிமை சிலரிடம் மட்டும் குவியும்போது அவர்தம் கணக்குக்குள் அடங்காத படைப்பு பிறப்பதே அரிதாகிவிடும் என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

தமிழ் பேசிய விளையாட்டு

இவ்வினாவின் ஆழத்தை அறிய 'வெண்பா' என்னும் விளையாட்டை நோக்குதல் வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை' என்னும் சிறு படைப்பகம் அதனை 2023 ஜூலை 31ஆம் நாள் வெளியிட்டது. 1988இல் தொடங்கும் கதை அது. தமிழகத்திலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்குப் பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரே தலையாய மாந்தர். துப்பாக்கியும் போரும் துரத்தலும் அதில் இல்லை. தாயிடமிருந்து பெற்ற பழைய சமையல் குறிப்பேடு சிதைந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை உய்த்துணர்ந்து சமைப்பதே ஆடுவோர்க்கு வைக்கப்படும் புதிர்.

இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி தடையின்றி மேலேறும்? புட்டுக் குழலில் எதன்மேல் எதனை இட வேண்டும்? இவை தமிழ் வீட்டு அடுக்களையில் எவரும் வினாவாக எண்ணாதவை. கை அறிந்து வாய் சொல்லாதவை. தலைமுறை தலைமுறையாகக் கையில் தங்கிய அந்த அறிவை விளையாட்டின் இலக்கணமாகவே ஆக்கியது இப்படைப்பின் தனிச்சிறப்பாகும். தமிழ்ப் பண்பாடு இங்குச் சுவரில் மாட்டிய படமாக இல்லை. ஆடுவோர் அதனைப் பயிலாமல் அடுத்த படிக்குச் செல்ல இயலாது. பள்ளித் தோழர்முன் நாணி வீட்டு உணவை ஒதுக்கும் கவின், பிற்காலத்தில் தாயின் குறிப்பேட்டைத் தடுமாறிப் படிக்க முனையும் பகுதி, அயலகத் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றின் நெஞ்சையும் தொடும். மலேசியாவில் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாமற் போன வீடுகளுக்கு அது அயலார் கதையன்று. தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலப் பாணிகளில் அமைந்த பாடல்கள் ஆண்டுகள் கழிவதைச் சொல்லாமற் சொல்கின்றன.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் படைப்பு இது. வெண்பா யாப்பின் ஈற்றடி முச்சீரில் முடிவது அதன் அழகு. இவ்விளையாட்டின் முடிவோ சுருக்கத்தால் அழகு பெறாமல் விரைவால் மெலிகிறது. ஆண்டுகளைத் தாவித் தாவிச் செல்வதால் பாவலனின் துன்பம் முழு உருப்பெறவில்லை. புதிர்கள் சமையல் அறிந்தோர்க்கு மிக எளியவை. இக்குறைகளை மறைத்து, தமிழ் என்பதற்காகவே புகழ்வது திறனாய்வாகாது. எனினும், 2024இல் தனிப்படைப்பாளர்க்கான உலக விழாவின் தலைமைப் பரிசையும், பிரிட்டிஷ் பாஃப்டா அமைப்பின் சிறந்த முதற்படைப்பு விருதையும் இது பெற்றது. ஒரு சிறு படைப்பகம் தன் தாய்மொழி வாழ்வை உலகின்முன் வைத்து வென்றது என்பது வரலாறு.

வாடகைக் கடையின் நிலை

ஆயினும் 'வெண்பா' எவ்வழியாக மக்களை அடைந்தது? மைக்ரோசாப்டின் 'கேம் பாஸ்' என்னும் சந்தாத் திட்டத்தில் அது முதல் நாளிலேயே இடம்பெற்றது. சோனி, நின்டெண்டோ, ஸ்டீம் ஆகியோரின் கடைகளிலும் விற்கப்பட்டது. படைப்பு சொந்தம், கடை வாடகை. ஸ்டீம் கடை பொதுவாக விற்பனையில் 30 விழுக்காட்டைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. 2018இல் அது வகுத்த விதிப்படி, பத்து மில்லியன் டாலரைத் தாண்டிய விற்பனைக்கு 25 விழுக்காடும், ஐம்பது மில்லியனைத் தாண்டியதற்கு 20 விழுக்காடுமே பிடிக்கப்படும். அதாவது, சிறியவன் மிகுதியாகவும் பெரியவன் குறைவாகவும் செலுத்தும் வாடகை! கேம் பாஸ் திட்டத்தின் உயர்நிலைச் சந்தாவோ 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக உயர்ந்தது.

வாடகையின் வலிமையை ஜார்ஜ்டவுன் மக்கள் நன்கறிவர். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அதன் காப்பு முற்றும் அகன்றது. பழைய நகரின் கடைவீடுகளில் தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்களும் சிறு தொழிலாளரும் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது. கட்டடங்கள் பொலிவு பெற்றன. கட்டடத்தைக் காக்கும் மரபுரிமை அதில் வாழ்ந்தவர்களைத் திரும்ப அழைத்து வரவில்லை. விளையாட்டுத் துறையிலும் அதுவே நேரலாம்: தமிழ் நிறமும் கோலமும் கோபுரமும் திரையில் மிளிரும், அவற்றை வரைந்த தமிழ்ப் படைப்பாளிக்குத் தன் கதையைச் சொல்லும் உரிமை இராது. பழைய நெசவாளன் நிலை அதுவேயன்றோ?

கடிவாளமும் கடமையும்

முதற்கடமை அரசுகளுடையது. மலேசியாவின் போட்டிச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டபோது, நிறுவன இணைப்புகளை முன்கூட்டியே ஆய்ந்து தடுக்கும் அதிகாரம் அதில் இடம்பெறவில்லை. அச்சட்டம் முறைகேடான உடன்பாடுகளையும் ஆதிக்க நிலையின் தவறான பயன்பாட்டையும் தடை செய்கிறது. ஆதிக்கம் உருவாகும் தருணத்திலேயே வினவும் உரிமையும் வேண்டும். குதிரை ஓடியபின் கடிவாளம் தேடிப் பயனில்லை. பெரிய நாடுகளின் ஆணையங்களே தடுமாறும் இத்துறையில் சிறிய நாடு தனித்து நின்று வெல்வது கடினம் என்பது மெய்யே. ஆயினும் கேள்வி கேட்கும் சட்டம் இல்லாத நாட்டிற்கு விடை சொல்ல எவனும் வாரான்.

அடுத்த கடமை தமிழ்ச் சமுதாயத்தினுடையது. கணினி விளையாட்டு என்றதும் 'பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர்' என்னும் ஒற்றை வரியோடு பேச்சை முடித்துக்கொள்வது பெற்றோர் வழக்கம்; அறிஞர் பலரும் அதற்கு மேல் செல்வதில்லை. நாடகமும் திரைப்படமும் தோன்றிய காலத்தும் இவ்வாறே பேசினர். பின்னர் அவற்றில் தமிழ் தன் இடத்தைப் பிடித்தபோது அதே வாய்கள் வாழ்த்தின. காலம் கடந்து வாழ்த்துவதினும் காலத்தில் கற்பது மேல். விளையாட்டுகளைத் தமிழில் திறனாய்வு செய்யும் கட்டுரைகள் இலக்கிய ஏடுகளில் வெளிவர வேண்டும். கதை, உரையாடல், ஓவியம், இசை, கணிதம் ஆகிய ஐந்தும் ஒன்றுகூடும் இக்கலையைத் தமிழ்ப்பள்ளி மாணவர் சிறு குழுக்களாகச் செய்து பழக வழி காண வேண்டும். எழுத்தாளர் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில் சிறுகதைக்கும் கவிதைக்கும் உள்ள இடம் விளையாட்டுக்கென எழுதப்படும் கதைக்கும் கிட்டுமாயின், எழுதத் தெரிந்த கையும் நிரல் அமைக்கத் தெரிந்த கையும் ஒன்று சேரும்.

பெருநிறுவனங்கள் படைப்பகங்களை விலைக்கு வாங்கலாம். படைப்பகத்தின் பெயரையும் உரிமைகளையும் வாங்கலாம். ஒரு தாய் தன் மகளுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பேட்டின் பொருளை வாங்க இயலாது. அதனைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும்வரை அது அவர்களுடையது. படிக்கத் தெரிந்தவரை உருவாக்குவது எந்தக் கும்பினியின் வேலையும் அன்று. அது தமிழர் வேலை. நாளைக்கு ஒத்திவைக்கக் கூடாத வேலை.