கைக்குள் ஒரு காளி லினக்ஸ்: கணியூருக்கு எது தேறும்?

திருப்பூரின் பெரிய ஏற்றுமதி நிறுவனம் தன் நெட்வொர்க்கைச் சோதித்துப் பார்க்க நினைத்தால், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் பட்டியலில் உள்ள தணிக்கை நிறுவனம் ஒன்றைக் கூப்பிடும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆட்கள் வருவார்கள், நாள்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார்கள், கட்டாக ஒரு அறிக்கை தருவார்கள். கணியூரில் சில தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவருக்கும், பழைய நூல் மில் ஒன்றை இழுத்துப் பிடித்து ஓட்டுகிறவருக்கும் அந்தச் செலவு கட்டாது. (கணியூர் என்றதும் அவிநாசி ரோட்டுச் சுங்கச்சாவடிக் கணியூரா, மடத்துக்குளம் பக்கத்துக் கணியூரா என்று கேட்பார்கள். நான் சொல்வது இரண்டாவது. வாதம் முதலாவதற்கும் பொருந்தும்.) இவர்களிடம் வருவது கோவையில் இன்ஜினியரிங் முடித்த ஒரு தம்பி, தோளில் ஒரு பை. அந்தப் பைக்குள் எது இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே கேள்வி.

துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்பதால் இது வெறும் ஆசைக் கேள்வி இல்லை. அமெரிக்கச் சுங்கத் துறை 2001இல் தொடங்கிய சி-டிபாட் என்ற சரக்குப் பாதுகாப்புத் திட்டத்தின் திருத்திய விதிகளில், கண்டெய்னர் சீலுக்கும் வாட்ச்மேனுக்கும் பக்கத்திலேயே கணினிப் பாதுகாப்பும் வந்து உட்கார்ந்துவிட்டது. நெட்வொர்க்கைத் தவறாமல் சோதி, ஓட்டை தெரிந்தால் அடை என்கிறது விதி. இந்திய ஆலை அதில் நேரடி உறுப்பினர் ஆக முடியாது. உறுப்பினரான அமெரிக்க பையர் தன் கேள்வித்தாளைத் திருப்பூருக்கு அனுப்புகிறார். திருப்பூர்க் கம்பெனி அதை ஜாப் ஒர்க் யூனிட் பக்கம் தள்ளிவிடுகிறது. கடைசியில் அதற்கு ‘ஆம்’ என்று டிக் போட வேண்டியவர் கணியூர்க்காரர்.

பைக்குள் இருக்கப்போவது பெரும்பாலும் காளி லினக்ஸ்தான். பேக்டிராக் என்ற பழைய தொகுப்பை மூடிவிட்டு ‘ஆஃபென்சிவ் செக்யூரிட்டி’ நிறுவனம் 2013 மார்ச்சில் டெபியன் மீது எழுப்பிய இயங்குதளம் அது. 600க்கும் மேற்பட்ட சோதனைக் கருவிகள் அதற்கென்றே கட்டி வைக்கப்பட்டுள்ளன. அதைக் கைக்கு அடக்கமாக எடுத்துப்போக மூன்று வழிகள் உண்டு: நெட்ஹன்டர் ஏற்றிய போன், ராஸ்பெர்ரி பை என்ற சீட்டுக்கட்டு அளவுப் பலகை, லேப்டாப்பில் சொருகித் தொடங்கும் பென் டிரைவ். மூன்றையும் நான் எடைபோடுவது எது அதிகம் தாக்கும் என்று பார்த்து அல்ல. யூனிட்டின் உண்மையான ஓட்டையை அது காட்டுகிறதா, ஓடும் மெஷினை நிறுத்தாமல் இருக்கிறதா, எடுத்த தரவை அது பத்திரமாக வைத்திருக்கிறதா, நாளைக்கு இன்னொருவர் சரிபார்க்கும்படி தடயம் விட்டுச் செல்கிறதா என்றே பார்க்கிறேன்.

போனிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கல்லூரிப் பையன்களின் மோகம் முழுவதும் அங்கேதான். நெட்ஹன்டர் 2014இல் நெக்சஸ் போன்களுக்காக வந்தது. ஆண்ட்ராய்டின் உள்ளேயே காளியை ஒரு தனி அறையாக ஓட்டும். யூஎஸ்பி கேபிளில் கணினியோடு சேர்த்தால் போன் தன்னைக் கீபோர்டாகக் காட்டிக்கொண்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். போலி வைஃபை மையமாக நிற்கும். வெளி அடாப்டர் சொருகினால் காற்றில் போகும் வைஃபை பாக்கெட்டுகளைப் பிடிக்கும். இதில் ஒன்றுகூட விளையாட்டு இல்லை. அக்கவுன்ட்ஸ் மேஜையில் டேலி திறந்தபடி கிடக்கும் கணினியில் போனைச் சொருகி, மூன்று வினாடியில் ஒரு ஜன்னல் தானாகத் திறப்பதை முதலாளிக்குக் காட்டினால், ஒரு மணி நேர விளக்கத்துக்கு வேலையே இல்லை.

அந்த வித்தை ஓட வேண்டுமானால் போனை என்ன செய்ய வேண்டும் என்று பார்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. பூட்லோடரைத் திறக்க வேண்டும், ரூட் எடுக்க வேண்டும், அந்த மாடலுக்கென்றே திருத்திய கெர்னலை ஏற்ற வேண்டும். கெர்னல் திருத்தம் தயாராக இருப்பது பெரும்பாலும் வயதான போன்களுக்கே. 2013இல் வந்த நெக்சஸ் 5 இன்னும் பலருக்குப் பிடித்த கருவி. அதற்குக் கூகுளின் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று பல வருடங்கள் ஆகின்றன. 2025இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10இன் உள் வைஃபை சிப்பையே, காற்றில் போகும் பாக்கெட்டுகளையெல்லாம் கேட்கும் மானிட்டர் மோடுக்குக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறந்த நெக்ஸ்மான் என்ற திட்டம் பிராட்காம் சிப்புகளில் திறந்துவிட்ட வழியில் வந்த உண்மையான சாதனை அது. ஆனால் எஸ்10ம் 2019இன் போன். ஆக, ஒரு யூனிட்டின் ஓட்டைகளையெல்லாம் பட்டியலிட்டுச் சுமக்கும் கருவியே அந்த யூனிட்டில் உள்ள எந்தப் பொருளைவிடவும் அதிகம் திறந்து கிடக்கிறது. பூட்லோடர் திறந்த போனை டீக்கடை மேஜையில் விட்டுவிட்டு எழுந்தால், எடுத்தவர் இயங்குதளத்தையே மாற்றி ஏற்றிவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போகலாம். பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவரின் கருவிக்கு இது சின்னக் குறை இல்லை.

ரூட் எடுக்காமலே ஓடும் வகையும் உண்டு. அதில் போன் பத்திரமாக இருக்கும், சோதனைதான் பாதியாகிவிடும்: வைஃபையை ஒட்டுக்கேட்கும் வேலை இல்லை, நெட்வொர்க்கைத் துழாவும் என்மேப் கருவியின் ரூட் தேவைப்படும் ஸ்கேன்கள் இல்லை. படிக்கிறவருக்குப் போதும், காசு வாங்கிக்கொண்டு சோதிப்பவருக்குப் போதாது.

அடாப்டர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், பணம் வீணாவது அங்கேதான். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்று கேட்டு வாங்குவார்கள். முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் ஏஆர்9271 சிப். லினக்ஸில் சொன்னபடி கேட்கும். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக் சிப், டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். போனிலிருந்து ஓடிஜி வழியாக இவற்றுக்கு மின்சாரம் இழுத்தால் பாட்டரி பாதி ஷெட்டைச் சுற்றுவதற்குள் இறங்கிவிடும்.

ராஸ்பெர்ரி பை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, ஸ்விட்ச்சுக்குப் பின்னால் வைத்துவிட்டு ராத்திரி முழுக்க வலையைக் கவனிக்கலாம். ஸ்பின்னிங் பகுதியில் பறக்கும் பஞ்சு அதற்கு ஆகாது, மெமரி கார்டைக் கழற்றினால் உள்ளே உள்ளதெல்லாம் கையோடு போகும் என்பவை சரிசெய்யக்கூடிய குறைகள். சரிசெய்ய முடியாதது மறதி. 2018இல் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்குள் ஊடுருவியவர்கள் நுழைந்தது, அனுமதியில்லாமல் யாரோ வலையில் சேர்த்து வைத்திருந்த ஒரு ராஸ்பெர்ரி பை வழியாக. ஏறத்தாழ 500 எம்பி தரவு போனது, கண்டுபிடிக்கப் பத்து மாதம் ஆனது. நாசாவில் நடந்தது டிவிஆர் பெட்டிக்குப் பின்னால் எட்டிப்பார்க்க ஆளில்லாத யூனிட்டில் நடக்க எவ்வளவு நேரம்?

மிஞ்சுவது பென் டிரைவ். அதை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒரு எதிர்வாதத்தைக் கேட்க வேண்டும்: காளியே எதற்கு, சாதாரண டெபியனில் தேவையான ஐந்தாறு கருவிகளைப் போட்டால் ஆகாதா? காளியை அன்றாட மேஜைக் கணினிக்குப் பரிந்துரைக்கவில்லை என்று அதை உருவாக்குகிறவர்களே தங்கள் ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த டெபியன் அந்நியமும் இல்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்ததுதான். தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தின் இலவச லேப்டாப்புகளில் விண்டோஸோடு பக்கத்தில் அதுவும் இருந்தது. எல்லோரும் விண்டோஸிலேயே தொடங்கினார்கள் என்பது வேறு விஷயம். வைஃபை வேலை இல்லாத சோதனைக்கு டெபியன் போதும் என்றே நினைக்கிறேன். பாக்கெட் இன்ஜெக்‌ஷனுக்கான கெர்னல் திருத்தமும் டிரைவர்களும் தயாராகக் கிடைப்பதில்தான் காளி முந்துகிறது. யூனிட்டில் வைஃபை ஓடுகிறவரை அந்த வித்தியாசம் நிற்கும்.

ஆகவே காளியை எடுக்கலாம், ஆனால் வந்தபடி எடுக்கக் கூடாது. இங்கே தனிப்பயனாக்கம் என்றால் கருவிகளைக் கூட்டுவது அல்ல, கழிப்பது. காளி தன் லைவ்-பில்ட் நிரல்களைத் திறந்தே வைத்திருக்கிறது. எந்தத் தொகுப்பு வேண்டும் என்று பட்டியல் எழுதி நம் இமேஜை நாமே உருவாக்கலாம். கணியூர்ப் பைக்கு என்மேப், வயர்ஷார்க், வைஃபை பிடிக்கும் கருவிகள், வெப் பக்கங்களைச் சோதிக்க ஒரு பிராக்ஸி, எல்லாவற்றையும் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போதும். தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் கட்டாயம். அறிக்கையைப் படித்து ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றப்போவது சூப்பர்வைசர், அவருக்கு ஆங்கிலத்தில் எழுதிய கட்டு எதற்கு? மிச்சம் நூற்றுக்கணக்கான கருவிகளும் உள்ளே இருந்தால், தெரியாத பொத்தானை அழுத்திப் பார்க்கும் கை சும்மா இருக்காது.

தரவு சேரும் பகுதியை லக்ஸ் என்ற குறியாக்க முறையில் பூட்டிவிடலாம். பென் டிரைவ் தொலைந்தாலும் யூனிட்டின் ரகசியம் தொலையாது. சோதிப்பவர் தன் சொந்த லேப்டாப்பில்தான் சொருக வேண்டும். கணினி தொடங்கும்போதே கையொப்பம் பார்க்கும் ‘செக்யூர் பூட்’ ஏற்பாட்டுக்குக் காளி ஒத்துவருவதில்லை. யூனிட்டின் கணினியில் அதைத் தொடங்க வேண்டுமானால் அங்கிருக்கும் பாதுகாப்பு ஒன்றை நாமே அணைத்தாக வேண்டும்.

காளி தொடர்ந்து உருண்டுகொண்டே இருக்கும் தொகுப்பு என்பது அடுத்த சங்கடம். இந்த மாதம் ஓடிய கருவி அடுத்த மாதம் வேறு பதிப்பாகியிருக்கும், இரண்டு அறிக்கைகளை ஒப்பிட முடியாது. 2025 ஏப்ரலில் அவர்கள் தங்கள் தொகுப்புகளுக்குக் கையொப்பமிடும் சாவியையே கைநழுவவிட்டு, புதிய சாவியை எல்லோரும் கையால் இறக்கி நிறுவ வேண்டியதாயிற்று. அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது நல்ல குணம். ஆனாலும் சோதனை நாளன்று அப்டேட் ஓடாமல் நிற்பது தொழிலுக்கு உதவாது. இமேஜை ஒருமுறை உருவாக்கி, அதன் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதி, அந்த ஆண்டின் மறுசோதனைவரை அதையே வைத்திருப்பதுதான் சரி. போனில் இந்த ஒழுங்கு வராது.

ஓடும் மெஷினைப் பற்றிய கேள்வியில் எந்தக் காளிக்கும் நல்ல மதிப்பெண் கிடையாது. மில்லிலும் சாயப்பட்டறையிலும் மெஷினைக் கட்டுப்படுத்தும் பிஎல்சிகள் பேசும் மோட்பஸ், 1979இல் பிறந்த நெறிமுறை. யார் பேசுகிறார் என்று அது கேட்பதே இல்லை. பழைய பிஎல்சி மீது வேகமான ஸ்கேன் ஒன்று விழுந்தால் அது திணறி நின்றுவிடலாம். ரிங் ஃபிரேம் நின்றால் இழை அறும், ஷிப்ட் உற்பத்தி போகும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர்ப் பிரச்சினைக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நினைவு திருப்பூரை விட்டு இன்னும் போகவில்லை. கழிவுநீர் அளவீட்டுக் கருவி சோதனையின் நடுவே வாயை மூடிக்கொண்டால், பதில் சொல்லப்போவது சோதித்த தம்பி அல்ல. சுற்றி நடந்தபடியே ஒரு தொடுதலில் ஸ்கேன் செய்யலாம் என்பதை நெட்ஹன்டரின் பெருமையாகச் சொல்கிறார்கள். ஷெட்டுக்குள் எனக்கு அதுதான் பயம்.

இன்னொன்றும் உண்டு. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டிடிராக் என்ற தீநிரல் பிடிபட்டபோது, அது இருந்தது நிர்வாக நெட்வொர்க்கில் சேர்ந்த ஒரு கணினி, உலைக் கட்டுப்பாட்டு நெட்வொர்க் தனி என்று அணுமின் கழகம் சொன்னது. கணியூர் மில்லில் அலுவலகமும் மெஷினும் தனித்தனியா? ஒரே ஸ்விட்ச்சில் டேலி கணினி, கேமரா, பயோமெட்ரிக், பிஎல்சி எல்லாம் சேர்ந்திருந்தால் விடை கையில். அதைக் கண்டுபிடிக்க ஊடுருவ வேண்டாம், நீலக் கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். ஏற்றுமதிக்காரர்களைப் பெரிதாக அடிப்பதும் வைஃபை வழி வருவதில்லை: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இன்வாய்ஸ் தொகையை இதில் போடவும்’ என்று பையருக்குப் போகும் போலி மின்னஞ்சல்தான். கம்பெனி டொமைனுக்கு, போலி அனுப்புநரைத் தடுக்க உதவும் எஸ்பிஎஃப், டிமார்க் பதிவு உண்டா என்று எந்த சாதாரணப் போனிலும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இதைப் பார்க்காமல் மானிட்டர் மோடைப் பற்றிப் பேசும் அறிக்கையை நான் தேற்றமாட்டேன்.

சட்டம் கருவி பார்த்து மாறாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு உரிமையாளரின் அனுமதியைக் கேட்கிறது. கெட்ட எண்ணத்தோடு அதை மீறினால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. ‘பாத்துச் சொல்லுங்க தம்பி’ என்பது அனுமதி ஆகாது. எந்த நாள், எந்த நேரம், எந்தக் கணினி, எந்த மெஷினைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வைஃபை பிடிக்கும்போது பக்கத்து யூனிட்டின் பாக்கெட்டும் சேர்ந்தே விழும். அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. சோதனையில் ஏற்கெனவே யாரோ நுழைந்த தடயம் தென்பட்டால், 2022 ஏப்ரல் 28ஆம் தேதிய செர்ட்-இன் ஆணைப்படி ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கணியூர்ப் பைக்கு என் தேர்வு, கழித்துச் செதுக்கிப் பூட்டிய காளி பென் டிரைவும் சோதனைக்கென்றே ஒதுக்கிய ஒரு பழைய லேப்டாப்பும். மில்லின் பிஎல்சி பக்கம் அதுவும் போகக் கூடாது; அங்கே போக்குவரத்தை ஒதுங்கி நின்று கேட்பது மட்டும், அதுவும் மெஷின் நிற்கும் விடுமுறை நாளில். ராஸ்பெர்ரி பை, வைத்தவரும் எடுப்பவரும் ரிஜிஸ்டரில் கையெழுத்திடும் இடத்தில் மட்டும். நெட்ஹன்டர் போனுக்கு முதலாளியின் மேஜையில் பத்து நிமிட இடம் உண்டு, தரவு எதையும் அதில் சேமிக்காத வரையில். மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வரும் புதிய போன் ஒன்றில், பூட்லோடரை மறுபடி பூட்டியபடியே இந்தச் சோதனைக் கருவிகள் ஓடும் நிலை வந்தால் இந்த மதிப்பெண்ணைத் திருத்த நான் தயார்.