ஒடுக்குமுறை ஒன்றன்று: ஈழத்துத் திறனாய்வின் ஓர் அளவுகோல் பற்றி

ஈழத்துத் தமிழ் இலக்கியம் பற்றிய கட்டுரைகளில் ‘ஒடுக்கப்பட்டோர் குரல்’ என்னும் தொடர் பல்லாண்டுகளாகப் பயின்று வருகின்றது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972), சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ கவிதைத் தொகுதி, 1990க்குப் பின்னர் வடபுல முஸ்லிம்களிடமிருந்து வந்த எழுத்துக்கள் ஆகிய யாவும் இத்தொடருள் அடக்கப்படுகின்றன. அடக்கியபின் திறனாய்வாளர் எழுப்பும் வினாவும் பெரும்பாலும் ஒன்றே: எதிர்ப்புணர்வு இவற்றுள் எதன்கண் மிகுதி? இவ்வினா பொருந்தாதது என்பது எமது துணிபு. ஒடுக்கும் கருவி வேறாகும்போது, அதனை எழுதும் முறையும் வேறாகும். அவ்வெழுத்து யாரை நோக்கிப் பேசுகின்றது என்பதும் வேறாகும்.

முதலில் மலையகத்தை நோக்குவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எவரையும் அடிக்கவில்லை. எவரது வீட்டையும் எரிக்கவில்லை. தந்தை இலங்கையிற் பிறந்தார் என்பதற்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தனர் என்பதற்கோ சான்று கேட்டது, அவ்வளவே. தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் ஏது? மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற வேலுப்பிள்ளைக்கு 1952இல் அத்தகைய வாக்காளர் தொகுதியொன்று எஞ்சியிருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 975,000 பேரை எண்களாகப் பகுத்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக் கொண்டன. நாடற்றவராக்கப்பட்ட சமூகத்தினின்று எழுந்த நாவல் ‘வீடற்றவன்’ எனத் தலைப்புக் கொண்டது தற்செயலன்று.

இத்தகைய ஒடுக்குமுறையின் இயல்பு காத்திருத்தலாகும். விண்ணப்பம், விசாரணை, பதில், மீண்டும் விண்ணப்பம். ஆகவேதான் மலையகப் புனைகதையில் பெரும் மோதற் காட்சிகள் அருகியே காணப்படுகின்றன. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ போன்ற கதைகளிற் பெரும்பொருள் யாதெனில் அன்றாட வேலையும் கொழுந்தின் நிறையும் உழைப்பவரின் மானமுமேயாம். இதனைப் ‘போராட்ட உணர்வு மந்தம்’ என மதிப்பிடுவோர், யாழ்ப்பாணத்துத் துலாக்கோலைக் கொண்டு மலையகத்துக் கொழுந்தை நிறுக்கின்றனர்.

வடக்குக் கிழக்குத் தமிழரைத் தாக்கிய கருவி வேறு. அவர்களது பிரசாவுரிமை வினாவுக்குள்ளாகவில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டமும், 1970களின் முற்பகுதியில் வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் படித்தவனையும் படிக்க விழைந்தவனையும் குறிவைத்தன. தரப்படுத்தல் வாயிலில் நின்றவனைத் தடுத்தது. அக்காலத் தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் அழைத்துச் செல்லாமையால், மலையகச் சிறுவன் அவ்வாயிலைக் கண்டதேயில்லை. ஒரே மொழி பேசும் இரு பிள்ளைகளுள் ஒருவனுக்கு அது பேரிழப்பு. மற்றவனுக்கு அது செய்தி. இருவரின் அனுபவத்தையும் ‘கல்வியிற் புறக்கணிப்பு’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் எழுதி முடிக்கும் கட்டுரைகளை நாம் கண்டுள்ளோம்.

எனினும் வேறுபாட்டை மட்டும் வற்புறுத்தல் முழு உண்மையாகாது. சட்டம் இவர்களை இரு கூறாகப் பிரித்தது. 1977இலும் 1983 யூலையிலும் வன்செயலில் இறங்கியவர்களோ இரு சாராரையும் தமிழரென்றே தாக்கினர். மலையகத்தினின்று வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அகதிகளாய் வந்து குடியேறியவருட் பலர் அங்குப் பிறரது வயல்களிற் கூலிகளாயினர். இவ்விடத்தில் ஒடுக்குமுறை மூன்றாம் வடிவம் எடுத்தது. இம்முறை ஒடுக்கியவரின் மொழியும் தமிழேயாம். இம்மக்களைப் பற்றிய ஆழ்ந்த திறனாய்வு நம்மிடையே இன்னும் போதிய அளவு எழவில்லை.

டானியலை இந்நோக்கில் மீளப் படித்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் தீண்டாமையைக் குற்றமாக்கிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நின்றவர்கள் தடுக்கப்பட்டனர். தடுத்தது அரசன்று, அயலவர். ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதியைப் படிக்கும் தமிழ் வாசகன் கவிஞனோடு சேர்ந்து துயருறுகின்றான். அவனும் அத்துயரின் பங்காளி. ‘பஞ்சமர்’ நாவலைப் படிக்கும் அதே வாசகனுக்கு அவ்வசதி கிட்டுவதில்லை. அவன் குற்றஞ்சாட்டப்பட்டோர் வரிசையில் அமர்ந்தே படிக்கின்றான். டானியலின் நடை கரடுமுரடானது, கலையமைதி குன்றியது என்று கூறப்படும் குறையில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் அக்குறையை உரத்துக் கூறியோர் எவ்வரிசையில் அமர்ந்திருந்தனர் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் தகும்.

வடபுல முஸ்லிம் எழுத்துக்கும் இதே நிலை. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவர்க்குச் சில மணிநேரமே அளிக்கப்பட்டது. 70,000க்கும் மேற்பட்டோர் என்று கணிக்கப்படும் அம்மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களை அடைந்தனர். இது விண்ணப்பத்தின் வழி வந்த ஒடுக்குமுறையன்று. தேர்வுத்தாளின் வழி வந்ததுமன்று. பகிர்ந்த மொழியே அந்நியமான ஒருநாளின் வழி வந்தது. 2020 மார்ச் இறுதி முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டுமென அரசு விதித்தபோது, அதே சமூகம் முற்றிலும் வேறான ஒரு கருவியை எதிர்கொண்டது. அங்குப் பறிக்கப்பட்டது மண்ணன்று, மண்ணுள் அடங்கும் உரிமை. இவ்விரண்டையும் ஒரே சோகத்தின் இரு அத்தியாயங்களாக எழுதுவது எளிது. ஆனால் முதலாவதைத் தமிழில் எழுதும் முஸ்லிம் எழுத்தாளனுக்குத் தன் வாசகன் யார் என்பதே சிக்கலாகின்றது. இரண்டாவதில் அச்சிக்கல் அவ்வளவாக இல்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டமை பற்றி ‘புத்தரின் படுகொலை’யை எழுதிய எம். ஏ. நுஃமான் கிழக்கிலங்கை முஸ்லிம் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அக்கவிதை தமிழ்த் தேசியத்தின் குரலாக இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. ஆயினும் 1990ஐப் பற்றி அவ்வளவு பரவலாக மேற்கோள் காட்டப்படும், முஸ்லிமல்லாத தமிழ்க் கவிஞர் ஒருவரின் கவிதை எதுவென வினவினால், நம்முட் பலர் தயங்குவர்.

வேறுபாடுகளை இவ்வாறு பகுத்துக் காட்டுதல் ஒற்றுமைக்கு ஊறு விளைக்கும் என்பார் உளர். வர்க்கத்தை அடிப்படையாகக் கொண்டு எழுதிய முற்போக்குத் திறனாய்வாளரும் ஒருகாலத்தில் இவ்வாறே வாதிட்டனர். அவர்கள் நமக்கு அளித்த கருவிகளை நாம் மறுக்கவில்லை. ஆயினும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை அளித்த பின்னரும், மலையக எழுத்து லயக் காம்பராவையும் நாட்சம்பளத்தையும் காணியுறுதியையும் விட்டு அகலவில்லை. பிரசாவுரிமைத் துயரையே இன்னும் அவ்வெழுத்தில் தேடும் திறனாய்வாளர், அக்காம்பராவின் உள்ளே இன்று நடப்பதைப் படிப்பதில்லை.