144-வது இடத்தில் நின்ற தட்டு

ஒருவர் எடுத்த ரன்னை மட்டும் பார்த்து அவர் ஆட்டத்தை எடைபோடக் கூடாது என்று இந்தப் பத்தியில் சலிக்கச் சலிக்க எழுதியிருக்கிறேன். பிட்ச் எப்படி இருந்தது, மறுமுனையில் யார் நின்றார்கள், எந்த நிலைமையில் களமிறங்கினார் என்பதையெல்லாம் விட்டுவிட்டு ஸ்கோர்கார்டை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் கைக்கு வரும். இந்த வாரம் மட்டையையும் பந்தையும் ஓரமாக வைத்துவிட்டு, அதே கண்ணோடு ஓர் இசைத்தட்டைப் பார்ப்போம். அதன் ஸ்கோர் 144. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் அது தொட்ட உச்ச இடம் அதுதான். 1976-க்குள் கம்பெனி தன் விற்பனைப் பட்டியலிலிருந்தே அதைத் தூக்கிவிட்டது.

தட்டின் பெயர் 'நோ அதர்'. வெளிவந்தது 1974 செப்டம்பரில். பாடியவர் ஜீன் கிளார்க். எட்டுப் பாட்டும் அவர் எழுதியவை. கடைசிப் பாட்டில் மட்டும் டக் டில்லார்டு கூட்டு.

பெயரைக் கேட்டதில்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். அவர் இருந்த குழுவைக் கேட்டிருப்பீர்கள். பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டை எடுத்து, பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிட்டாரை மணிபோல ஒலிக்கவிட்டு, 1965-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்துக்குக் கொண்டுபோன 'தி பேர்ட்ஸ்'. ரோஜர் மெக்குவின், டேவிட் கிராஸ்பி, கிறிஸ் ஹில்மன், மைக்கேல் கிளார்க், ஜீன் கிளார்க் என்று ஐந்து பேர். மணியோசை மெக்குவின் கையில். டாம்பரினைத் தட்டிக்கொண்டு நின்ற உயரமான ஆள் ஜீன். பார்க்கிறவர்களுக்கு அழகுக்கு நிறுத்தியவர் மாதிரித் தெரியும். ஆனால் முதல் இரண்டு ஆல்பங்களில் குழு சொந்தமாக எழுதிய பாட்டுகளில் பெரும்பங்கு அவருடையது. அதனால் ராயல்டி காசோலையும் அவருக்கே பெரிதாக வந்தது. ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போகிற ஐந்து பேரில் ஒருவர் பை மட்டும் கனத்தால் என்ன நடக்கும் என்பது எந்த டீமின் டிரஸ்ஸிங் ரூமை எட்டிப்பார்த்தவருக்கும் தெரியும்.

1966 தொடக்கத்தில் வெளியே வந்துவிட்டார். முதல் காரணமாகச் சொல்லப்படுவது விமானப் பயம். குழுவின் பெயரோ எழுத்து மாற்றிய 'பறவைகள்'. அவர் பெயரும் மெக்குவின், கிராஸ்பி பெயர்களும் சேர்ந்து வந்த 'எயிட் மைல்ஸ் ஹை' பாட்டு, குழு லண்டனுக்குப் பறந்துபோன அனுபவத்தில் பிறந்தது. அந்தப் பாட்டு கடைக்கு வரும் நேரத்தில் அதை எழுதியவர்களில் ஒருவர் இனி விமானம் ஏற மாட்டேன் என்று இறங்கிக்கொண்டார். ஒரு கதாசிரியர் இப்படி எழுதினால் 'ரொம்ப ஓவர்' என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அடுத்த எட்டு வருடம் நல்ல ஷாட்டுகளும் ரன் அவுட்டுகளும்தான். 1967-ல் காஸ்டின் சகோதரர்களோடு ஓர் ஆல்பம் வந்தது. ஏறக்குறைய அதே நாட்களில் பழைய குழுவின் புது ஆல்பத்தையும் அதே கொலம்பியா கம்பெனி வெளியிட்டது. யார் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1968-ல் டக் டில்லார்டோடு சேர்ந்து நாட்டுப்புறமும் ராக்கும் கலந்த ஒரு தட்டு. அதில் வாசித்த பெர்னி லெடன் பிற்பாடு ஈகிள்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1971-ல் 'ஒயிட் லைட்'. பாராட்டு கிடைத்தது, விற்பனை கிடைக்கவில்லை. அதற்கடுத்துப் பதிவானது நெதர்லாந்தில் மட்டும் வெளியானது.

1973-ல் பேர்ட்ஸின் ஐந்து பேரும் மறுபடி கூடி ஓர் ஆல்பம் போட்டார்கள். விமர்சகர்கள் அதைத் துவைத்துக் காயப்போட்டாலும், அதிலிருந்த ஜீனின் பாட்டுகளை மட்டும் தனியே எடுத்துப் பாராட்டியவர்கள் உண்டு. அசைலம் கம்பெனியின் டேவிட் கெஃபன் அவரைத் தனியாக ஒப்பந்தம் செய்தார்.

ஜீன் அப்போது குடியிருந்தது வடக்குக் கலிஃபோர்னியாவில், மெண்டசினோ பக்கத்துக் கடற்கரை ஊரொன்றில். எதிரே பசிபிக். அந்த நாட்களில் தன்னைப் பாதித்தவை என்று ஸ்டீவி வொண்டரின் 'இன்னர்விஷன்ஸ்', ரோலிங் ஸ்டோன்ஸின் 'கோட்ஸ் ஹெட் சூப்' ஆகிய இரண்டையும் அவர் சொல்லியிருக்கிறார். நாட்டுப்புறக் கிட்டாரோடு வளர்ந்த மிசௌரிக்காரருக்கு இவை பழக்கமான வழித்துணைகள் இல்லை. 'நோ அதர்' ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதற்கு அங்கேயே விடை இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸின் வில்லேஜ் ரெக்கார்டர் ஸ்டுடியோவில் பதிவு. தயாரிப்பாளர் தாமஸ் ஜெஃபர்சன் கே. பேஸ் கிட்டாருக்கு லீலண்ட் ஸ்க்ளார், டிரம்ஸுக்கு ரஸ் குங்கெல், தாளக் கருவிகளுக்கு ஜோ லாலா, கிட்டாருக்கு ஜெஸ்ஸி எட் டேவிஸ், டேனி கோர்ச்மார். பின்னணியில் கிளைடி கிங், வெனெட்டா ஃபீல்ட்ஸ், கிளாடியா லெனியர் என்று தேவாலயப் பாட்டின் உரம் ஏறிய குரல்கள். கூட்டுக்குரலில் பிற்பாடு ஈகிள்ஸில் சேர்ந்த டிமொத்தி ஷ்மிட்டும் உண்டு. செலவு ஒரு லட்சம் டாலருக்கு மேல். கடைசியில் கையில் வந்தது எட்டே பாட்டு. இவ்வளவு பணத்துக்கு இவ்வளவுதானா என்று கெஃபன் கொதித்தார் என்கிறார்கள். கம்பெனி விளம்பரத்துக்குப் பெரிதாகக் கை நீட்டவில்லை.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. இனி ஆட்டத்தைப் பார்ப்போம்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்டிரிங்ஸ்'. ஆறரை நிமிடம். தொடக்கத்தில் சொல்லே கிடையாது. மெதுவான, கனமான தாளம். அதன்மேல் வார்த்தையில்லாத குரல்கள் அலைபோல எழும்பி, உடைந்து, மறுபடி எழும்புகின்றன. பாடகர் எங்கே என்று தேட ஆரம்பிக்கும்போதுதான் ஜீன் வருகிறார். வந்ததும் ஆர்ப்பாட்டம் இல்லை. நடுங்குகிற அடிக்குரல், வாக்கியத்தின் முடிவில் லேசாக இழுத்து விடுகிற பழக்கம், அவ்வளவுதான். பாட்டின் பொருளே இசைதான்; சொல்லால் ஆகாததை வாத்தியம் செய்துவிடுகிறது என்பதுதான் அதன் ஆச்சரியம். அப்படியிருக்க, சொல் வருவதற்கு முன் அத்தனை நேரம் காக்க வைத்தது வீண் ஜோடனை என்று எப்படிச் சொல்வது?

'வீண் ஜோடனை' என்பதுதான் அன்று இந்த ஆல்பத்தின் மேல் விழுந்த முக்கியக் குற்றச்சாட்டு. குரல்மேல் குரல், கீபோர்டுமேல் கீபோர்டு. நல்ல பாட்டுக்காரரை நகைக்கடைப் பொம்மையாக்கிவிட்டார்கள் என்று. ஒப்புக்கொள்கிறேன், முதல்முறை கேட்டபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. பாதியில் நிறுத்திவிட்டுப் பழைய பேர்ட்ஸ் பாட்டுக்கு ஓடிப்போனேன்.

சந்தேகம் இருந்தால் மூன்றாவது நடுவரிடம் போகலாம். ரீப்ளே கிடைக்கிறது. 2019-ல் 4ஏடி என்ற பிரிட்டிஷ் கம்பெனி இந்த ஆல்பத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது, ஸ்டுடியோவில் எடுத்த முந்தைய பதிவுகளையும் சேர்த்தே தந்தது. மேல்பூச்சு குறைந்த, எலும்பு தெரிகிற பதிவுகள். அவற்றைக் கேட்டால் முதலில் ஒன்று தெளிவாகும்: பாட்டுகள் நகையில்லாமலும் நிற்கின்றன. இன்னும் கொஞ்சம் கேட்டால் இரண்டாவது உறைக்கும்: நகையைக் கழற்றியதும் எதுவோ குறைகிறது. அந்த எதுவோ, தனிமை. ஒரு மனிதர் தனியே கிட்டாரோடு உட்கார்ந்து சோகம் பாடினால் அது நமக்குப் பழகிய காட்சி. அதே மனிதர் பெருங்கூட்டத்தின் நடுவே நின்று, யாரையும் பார்க்காமல் தன் பாட்டுக்குப் பாடினால்? கல்யாண மண்டபத்தில் தனியே உட்கார்ந்திருப்பவரின் தனிமை அது. தாமஸ் ஜெஃபர்சன் கே கொட்டிய பணம் அந்த மண்டபத்தைக் கட்டத்தான் போயிருக்கிறது. அவருக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

தலைப்புப் பாட்டிலும் இதே வித்தைதான், வேறு உடையில். உறுமுகிற பேஸ், இடைவிடாத கைத்தாளம், ஸ்டீவி வொண்டரின் வாடை அடிக்கிற கீபோர்டு. மேலே கிளார்க் ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரிப் பாடுகிறார். ஆட வைக்கிற தாளத்தில் ஆட முடியாத ஒரு பாட்டு. இரண்டாம் பக்கத்தின் 'சம் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' எட்டு நிமிடம் ஓடுகிறது, ஒரு இடத்திலும் அவசரமில்லை. டெஸ்ட் மேட்ச் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிடிக்கும். 'லேடி ஆஃப் தி நார்த்' அழகாகத் தொடங்கி, முடிவில் ரிச்சர்ட் கிரீனின் வயலினோடு எங்கேயோ போய்விடுகிறது. 'சில்வர் ரேவன்' இந்தத் தட்டிலேயே மென்மையானது.

ஆனால் அண்மைக் காலத்து ரசிகர்கள் இதைக் குறையே இல்லாத காவியம் என்று தூக்கிவைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அன்று மிதித்ததற்குப் பரிகாரமாக இன்று கோயில் கட்டுகிறார்கள். முதல் பாட்டு 'லைஃப்ஸ் கிரேட்டஸ்ட் ஃபூல்' துள்ளலான கன்ட்ரி ராக். பாட்டு மோசமில்லை, தொடக்க ஆட்டக்காரராக இறக்கியதுதான் பிசகு. அதைக் கேட்டுவிட்டு இது இன்னொரு கலிஃபோர்னியா தட்டு என்று நினைத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. 'தி ட்ரூ ஒன்' அந்த வருடத்து எந்த ஆல்பத்திலும் பொருந்திவிடும். எட்டில் ஐந்து முதல் தரம், மூன்று பரவாயில்லை. என் கணக்கு இதுதான்.

கம்பெனியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே 1974-ல் அசைலம் வைத்திருந்த சரக்கு என்ன தெரியுமா? ஜோனி மிட்செலின் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்', பாப் டிலனின் 'பிளானட் வேவ்ஸ்', ஈகிள்ஸின் 'ஆன் தி பார்டர்'. அந்த வரிசையில் ரேடியோவுக்குத் தோதான பாட்டு அதிகமில்லாத, விமானம் ஏறாத ஒருவரை எங்கே இறக்குவது? கிளார்க்கும் உதவவில்லை. பின்னட்டைப் படத்தைப் பாருங்கள்: முகப்பூச்சு, பளபள உடை, 1920-களின் ஹாலிவுட் நட்சத்திரம் மாதிரி ஒரு நிலை. கவ்பாய்த் தொப்பியை எதிர்பார்த்து வந்த ரசிகர் தட்டைத் திருப்பிப் பார்த்ததும் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பார்.

பிறகு அவர் எழவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குடி பிடித்துக்கொண்டது. 1989-ல் டாம் பெட்டி 'ஃபுல் மூன் ஃபீவர்' ஆல்பத்தில் ஜீனின் பழைய பேர்ட்ஸ் பாட்டு ஒன்றைப் பாடினார், ராயல்டி வந்தது. 1991 ஜனவரியில் பேர்ட்ஸ் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றபோது ஐந்து பேரும் ஒன்றாக நின்றார்கள். அந்த மே 24-ல் ஜீன் இறந்தார். வயது 46.

தட்டு மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. 4ஏடியின் 'திஸ் மார்ட்டல் காயில்' குழு 1986-லேயே 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்டிரிங்ஸ்' பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தது. 2007-ல் ராபர்ட் பிளான்ட்டும் அலிசன் கிராஸும் சேர்ந்து போட்ட 'ரெய்சிங் சேண்ட்' ஆல்பத்தில் இரண்டு பாட்டுகள் ஜீனுடையவை. அந்த ஆல்பம் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பமானது. 2014-ல் பீச் ஹவுஸ் குழுவினர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 'நோ அதர்' ஆல்பத்தை முழுக்க மேடையில் வாசித்தார்கள்.

கேட்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். இரவில், இயர்போனில், நான்காவது பாட்டைப் போடுங்கள். குரல் வரும்வரை பொறுங்கள். பிடித்திருந்தால் மீதி ஏழுக்கும் போங்கள். பிடிக்கவில்லையென்றால் 144 சரியான ஸ்கோர்தான் என்று எனக்கு எழுதுங்கள்.