காத்திருக்கும் இளையோர் நாவல்கள்

எங்கள் சங்க நூலகத்தின் ஒரு மூலையில், மதிப்புரைக்கென வந்த நூல்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கவிதைத் தொகுதிகளையும் ஆய்வு நூல்களையும் எடுத்துச் செல்ல அன்பர்கள் முன்வருகின்றனர். இளையோர் நாவல்களோ கட்டுக்கூட அவிழாமல் கிடக்கின்றன. "சிறுவர் கதைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவற்றை ஒதுக்கியவர்களுள் நாமும் அடங்குவோம் என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டாக வேண்டும். அண்மையில் அக்கட்டை அவிழ்த்தோம். படித்தபின் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை.

'சிறுவர்' என்னும் சொல்லை நாம் அளவுக்கு மீறி அகட்டிவிட்டோம். சாகித்திய அக்காதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய விருது, 9 முதல் 16 வயது வரையுள்ளோர்க்கான நூல்களை ஒரே வகையாகவே கொள்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை பேசும் முயலை நம்பும். பதினைந்து வயதுப் பிள்ளையோ பெற்றோர் சொல்வதையே நம்பத் தயங்கும். இருவரையும் ஒரே பந்தியில் அமர்த்தி ஒரே உணவைப் படைத்தால், மூத்தவர் இலையை மடித்துவிட்டு எழுந்து போவதில் வியப்பில்லை.

முன்னாளில் இக்குறை தெரியவில்லை. 1947இல் தோன்றிய 'அம்புலிமாமா'வைப் படித்து வளர்ந்தவர்கள் அங்கிருந்து நேரே கல்கியின் 'பொன்னியின் செல்வ'னுக்கோ தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கோ தாவினர். 1972 முதல் முத்து காமிக்ஸும் அவர்களுக்குக் கைகொடுத்தது. இடையில் படிக்கட்டு இல்லாவிடினும் அவர்களால் தாவ முடிந்தது. பள்ளியிலும் கடைத்தெருவிலும் பேருந்துப் பலகையிலும் தமிழ் எழுத்து அவர்களைச் சூழ்ந்திருந்ததே அதற்குக் காரணம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு அச்சூழல் இல்லை. படிக்கட்டு இல்லையேல் அவர்கள் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுவர்; அன்றேல் வேறு மாடிக்கு ஏறிவிடுவர்.

அந்த வேறு மாடியில் படிகள் பல. அமெரிக்காவில் எஸ்.ஈ. ஹின்டன் தம் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை 1967இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 18. இளையோரைப் பற்றி இளையவர் ஒருவரே எழுதியதால், அந்நூல் அவ்வகை எழுத்துக்கே ஒரு திருப்புமுனையாயிற்று. நம் இல்லங்களில் ஆங்கில நாவல்கள் தலையணை அருகே இருப்பதும், தமிழ் நாவல்கள் கண்ணாடி அலமாரிக்குள் இருப்பதும் பிள்ளைகளின் குற்றமன்று.

எனினும், தமிழில் படிகளே இல்லை என்று கைவிரிப்பது நேர்மையாகாது. 2020இல் அக்காதெமி விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல் என்னும், வீட்டில் எவரும் வாய்திறவாத பொருளை எடுத்துக்கொள்கிறது. பெரியவர் சொன்னால் அறிவுரையாகிவிடும் செய்தியை மரப்பாச்சிப் பொம்மையின் வாயில் வைத்தது ஆசிரியரின் நுண்ணறிவு. ஆயினும் விழிப்புணர்வு ஊட்டும் கடமை ஒரு புறமும், கதை தன் போக்கில் நடக்கும் உரிமை மறு புறமும் நின்று இழுப்பதைப் படிப்போர் உணரவே செய்வர். இத்தகைய நூலுக்கு அந்த இழுபறி தவிர்க்க இயலாத விலை என்பதே நம் கருத்து.

2023இல் விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', இன்றைய சிறுவனை ஏறத்தாழ 2,600 ஆண்டுகளுக்கு முந்திய கீழடிக்கு அழைத்துச் செல்கிறது. பழம்பெருமை பேசும் நூல்கள் நம்மிடம் ஏராளம்; பழமையை ஒரு நட்பாக மாற்றிக் காட்டும் நூல்கள் அரிது. "நம் ஊர் எது?" என்று கேட்கும் புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு, நீண்ட சொற்பொழிவைவிட இவ்வகைக் கதை நெருங்கிய விடையாகும்.

இரா. நடராசனின் 'ஆயிஷா' இவற்றுக்கு மூத்தது. நம் தலைநகரில் 1965இல் பிறந்த 'கணையாழி'யின் குறுநாவல் போட்டியில் பரிசு பெற்ற படைப்பு அது. கேள்வி கேட்கும் மாணவியை வகுப்பறை எவ்வாறு நொறுக்குகிறது என்பதை ஓர் ஆசிரியையின் குற்ற உணர்வின் வழியே அது சொல்கிறது. அது இளையோர்க்கென்று தனியே எழுதப்பட்டதன்று. ஆசிரியரை நோக்கியே பேசுகிறது. ஆயினும் இளையோர் அதைத் தமதாக்கிக் கொண்டனர். குனிந்து பேசாத நூலையே வளரும் பிள்ளை மதிக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி நம் சிக்கலுக்கு வருவோம். வேறொரு புதிய நாவலைச் சங்கத்து அன்பர் ஒருவரின் பதினான்கு வயது மகளிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டோம். ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்த அவள், "கதை என் தம்பிக்கு, மாமா, தமிழ் என் தாத்தாவுக்கு. எனக்கு என்ன இருக்கிறது?" என்றாள். நாம் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இதைவிடச் சிறந்த மதிப்புரையை எழுதியிருக்க மாட்டோம்.

அவள் கேட்டது எளிய ஒன்றே. அவளது உள்ளம் பதினான்கு வயதுடையது. தமிழ் படிக்கும் பழக்கமோ எட்டு வயதுடையது. முதிர்ந்த பொருளை எளிய வாக்கியத்தில் தரும் நூலே அவளுக்கு வேண்டும். இன்று எழுதுவோர் பலர் இதனைத் தலைகீழாக்குகின்றனர். பொருளைக் குழந்தைத்தனமாக்கிவிட்டு, நடையில் மட்டும் செறிவைக் கூட்டுகின்றனர். நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்துரைத்தது நன்னூல். இளையோர் நாவலுக்குப் பதினோராம் குற்றம் ஒன்றைச் சேர்க்கலாமெனில், படிப்பவரின் வயதைக் குறைத்து மதிப்பதே அக்குற்றம்.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுதுவோர் நம் வீட்டுப் பிள்ளைகளையும் மனத்தில் கொள்ளட்டும். மதிப்புரைப்போர் "நல்ல கருத்து, படிக்கத் தக்கது" என்று இரண்டு வரியில் வழியனுப்பாது, எந்த வயதினர்க்கு, எத்தகைய தமிழில், எந்த உண்மையைச் சொல்கிறது என்று ஆராய்ந்து எழுதட்டும். பெற்றோர் நூலை வாங்கித் தருவதோடு நில்லாமல் முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்டட்டும்; எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்குச் செவி தடுமாறுவதில்லை.

சங்கமும் ஒன்று செய்யலாம். அடுத்த மலரில் இளையோர் நாவல்களுக்கான மதிப்புரைகளை இளையோரிடமே ஒப்படைக்கலாம். எழுத்துப் பிழை இருப்பின் நாம் திருத்துவோம். கருத்தைத் திருத்த மாட்டோம். அந்தச் சிறுமியிடம் அடுத்த நூலைக் கொடுத்திருக்கிறோம். அவள் தீர்ப்புக்குக் காத்திருக்கும் முறை இப்போது நம்முடையது.