கலைநூல்களும் கலைஞரின் உழைப்பும்

கலைபற்றிய நமது நூல்களுட் பெரும்பாலானவை கலைஞரைப் போற்றுவன. கலையைத் தோற்றுவித்த சமூக உறவுகளை ஆராய்வன சிலவே. கா. சிவத்தம்பி 1981இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பண்டைத் தமிழ்ச் சமூக நாடகம்பற்றிய நூல் அச்சிலவற்றுள் தலையாயது. பாணரும் பொருநரும் விறலியரும் எத்தகைய உற்பத்தி உறவுகளுள் வாழ்ந்தனர் என வினவியமையே அதன் சிறப்பு. ஆயின் சங்கச் செய்யுள்களே அதன் முதன்மைச் சான்றுகள். ஆடியோரின் குரல் புலவர் வாயிலாகவே கேட்கிறது. சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ (1998) அவ்வினாவைக் கூத்துக் களரிக்கே கொண்டுசென்றது. யாழ்ப்பாணக் கோயிற் கலைகள்மீதும் அதனை எழுப்புதல் வேண்டும். சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார்மீது அந்தாதி பாடிய சின்னத்தம்பிப் புலவரை இலக்கிய வரலாறு பெயர்சொல்லிப் போற்றும். இத்தகைய ஊர்களிற் பறை முழக்கியோரையோ சாதிப்பெயரால் மட்டுமே குறிக்கும். அவ்வுழைப்பை எழுதாத கலைவரலாறு உடைமையாளரின் வரலாறாகவே எஞ்சும்.