படிமம் நூலுக்கு உரையா? காஞ்சிச் சோமாஸ்கந்தத்தை முன்வைத்து

கோயிற் சுவரில் தொன்மக் காட்சியொன்றைக் கண்டவுடன், அதற்குரிய புராணப் பகுதியையோ ஆகம விதியையோ காட்டி ஆய்வை முடித்துக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இம்முறையில் படிமம் நூலின் விளக்கப்படமாகச் சுருங்குகிறது.

கிரேக்கச் சாடி ஓவியங்கள் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கன. எக்செக்கியாசு என்பார் கி.மு. 540–530 அளவில் தீட்டிய சாடியொன்று வத்திக்கானில் உள்ளது. அதில் அக்கிலீசும் அயாக்சும் போர்க்கோலம் களையாமலே எதிரெதிர் அமர்ந்து காயாடுகின்றனர். இருவர் பெயரும், ஆட்டத்தில் அவர்கள் கூறும் எண்களுங்கூட எழுதப்பட்டுள்ளன. ஆயினும் ஓமரின் இலியத்தில் இக்காட்சி இல்லை; கிடைத்துள்ள முற்பட்ட நூல் எதிலும் இல்லை. ஓவியமே இங்கு மூலச்சான்று. போர்டுமேன் இதனுள் ஏதென்சு அரசியலைக் கண்டார். அவ்விளக்கம் ஏற்கப்படினும் மறுக்கப்படினும், வினா ஓவியத்திலிருந்தே எழுந்தது.

காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை இராசசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தான். கருவறைப் பின்சுவரில் சோமாஸ்கந்தம் புடைப்புச் சிற்பமாக உள்ளது. திருச்சுற்றுச் சிற்றாலயமொன்றில் அதுவே ஓவியமாகவும் சிதைந்து எஞ்சியுள்ளது. இங்குள்ள ஓவியங்களை 1931இல் ழூவோ துப்ரேய் அறிஞருலகிற்கு அறிவித்தார். இவ்வடிவிற்கு இலக்கணம் கூறும் நூல்களுள் பல, இன்று கிடைக்கும் நிலையில், பல்லவருக்குப் பிற்பட்டவை. பிற்கால விதியைக் கொண்டு முற்காலப் படிமத்தை அளப்பது காலமுரண் அன்றோ?

அரசகுடும்பமே இங்கு உருவகிக்கப்பட்டது என்னும் மற்றொரு விளக்கம் வலிமையுடையது. இக்கோயிற் கல்வெட்டே, சிவனிடத்துக் குகன் தோன்றியதுபோல் உக்கிரதண்டனிடத்து இராசசிம்மன் தோன்றினான் எனப் புகழ்கிறது. ஆனால் இதுவும் எழுத்தைக் கொண்டு படிமத்தை மூடும் முயற்சியே. மாமல்லபுரத்துத் தர்மராச இரதத்தின் மேல்தளத்திலும் சோமாஸ்கந்தம் உண்டு. அதனை இராசசிம்மனுக்கு முற்பட்டதாகப் பலர் கொள்வர். அக்காலக் கணிப்புச் சரியெனின், கல்வெட்டின் உவமை படிமத்தைத் தோற்றுவித்தது என்பதினும், முன்பே நிலவிய படிமத்தை உவமை எடுத்தாண்டது என்பதே பொருந்தும்.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் வேறொன்று புலப்படுகிறது. இரதத்துச் சிற்பத்தில் இல்லாத நான்முகனும் திருமாலும் இராசசிம்மன் காலப் பலகைகளில் அரியணைக்குப் பின்னே நிற்கின்றனர். தந்தை, தாய், சேய் என்னும் குடும்பக் காட்சி, இவர்கள் வருகையால் அரசவைக் காட்சியாகிறது. குகனைப் பற்றிப் பேசும் அவ்வுவமையில் இவ்விருவருக்கும் இடமில்லை.